தூளி ஸ்பிரிங்கும் கடல் கயிறும்... ஃபால்மத் துறைமுகத்தில் ஒரு கணக்கு!

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில் இருக்கிறது ஃபால்மத். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது படகுகள்தான். வெள்ளை, நீலம், சிவப்பு என வரிசைகட்டி நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் அந்தப் படகுகளைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

கொஞ்சம் குனிந்து, படகைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். கயிற்றின் நடுவில் கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு ஒரு ரப்பர் தண்டு. கயிறு அதை இரண்டு மூன்று சுற்று சுற்றிக்கொண்டு போகிறது. அலை வந்து படகைத் தள்ளும்போது கயிறு விறைக்கிறது, ரப்பர் நீள்கிறது, படகு ஆடி அடங்குகிறது. 'வெடுக்'கென்ற இழுப்பே இல்லை.

நம் ஊரில் இதற்கு உறவுக்கார சாமான் ஒன்று உண்டு. உத்தரத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் புடவை. ஆமாம், குழந்தையின் தூளிதான்! ஸ்பிரிங் இல்லாத தூளியில் குழந்தை புரண்டால் கொக்கிக்கு நேராக அடி விழும். ஸ்பிரிங் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். ஃபால்மத்தின் படகுக் கயிற்றில் ரப்பர் செய்யும் வேலையும் அதுதான்.

படகுக்குப் பதில், பல டன் எடையுள்ள மின்சார மிதவை ஒன்றை நடுக்கடலில் கட்ட வேண்டுமென்றால்? எவ்வளவு பெரிய ரப்பர் வேண்டும், அது எவ்வளவு நீள வேண்டும், புயலில் தாங்குமா என்பதையெல்லாம் கடலில் இறக்கும் முன்பே சொல்ல வேண்டும். அதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரு பெரிய இயந்திரமே இருக்கிறது.

ரயிலில் வரும்போதே கடல் மிரட்டும்

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ட்ரூரோ வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அங்கிருந்து ஃபால்மத்துக்குக் கிளைப்பாதையில் சின்ன ரயில். வழியில் டாலிஷ் என்ற இடத்தில் தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். ஜன்னல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். 2014 பிப்ரவரிப் புயலில் இதே இடத்தில் கடல் சுவரை அலைகள் உடைத்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் இரண்டு மாதம் லண்டனிலிருந்து கார்ன்வாலுக்கு நேர் ரயிலே இல்லை. கடலோடு விளையாடக்கூடாது என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஃபால்மத் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. வாய்ப்பகுதியின் இரண்டு கரையிலும் எட்டாம் ஹென்றி மன்னர் கட்டிய கோட்டைகள், இந்தப் பக்கம் பென்டெனிஸ், அந்தப் பக்கம் செயின்ட் மாஸ். 1689 முதல் 1850 வரை பிரிட்டனின் தபால் கப்பல்கள் இங்கிருந்துதான் உலகெங்கும் போயின. டிரஃபால்கர் சண்டையில் ஜெயித்த செய்தியும், நெல்சன் இறந்த செய்தியும் 1805 நவம்பர் 4-ம் தேதி கரையிறங்கியது இங்கேதான். செய்தி கொண்டுவந்த அதிகாரி 21 முறை குதிரை மாற்றி, 37 மணி நேரத்தில் லண்டனைத் தொட்டார்.

நமக்கு நெருக்கமான கதை ஒன்றும் உண்டு. 1968 ஜூன் 14-ம் தேதி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் இங்கிருந்து தனியாளாகப் பாய்மரப் படகில் கிளம்பினார். எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவிட்டு 1969 ஏப்ரல் 22-ம் தேதி இதே துறைமுகத்துக்குத் திரும்பினார். மொத்தம் 312 நாட்கள். போட்டிக்குக் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவர்தான். எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறீர்கள் என்று சுங்க அதிகாரிகள் வழக்கப்படி கேட்க, 'ஃபால்மத்' என்று அவர் பதில் சொன்னது இங்கே பிரசித்தம். அவருடைய 'சுஹைலி' படகு தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. கட்டிய இடம், நம்ம பம்பாய்!

தென்கடலில் ராட்சத அலைகள் பின்னாலிருந்து துரத்தியபோது அவர் நீளமான கயிறுகளைப் படகுக்குப் பின்னால் தண்ணீரில் இழுத்தபடி விட்டு வேகத்தை அடக்கினார். கயிறு கட்டுவதற்கு மட்டுமல்ல, அலையின் வேகத்தைத் தின்பதற்கும் உதவும் என்பது மாலுமிகளுக்குப் பழகிய பாடம். அதை எண்ணில் சொல்லச் சொன்னால்தான் சிக்கல்.

வளைகுடாவில் ஒரு சோதனைக்கூடம்

பென்டெனிஸ் கோட்டை மேட்டில் நின்றால் தெற்கே ஃபால்மத் வளைகுடா விரிகிறது. எரிபொருள் நிரப்பக் காத்திருக்கும் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 2.8 சதுர கிலோமீட்டர் கடல்பரப்பு தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'ஃபேப்டெஸ்ட்' என்று பெயர். அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிகளை முதல்முறை கடலில் இறக்கிப் பழக்கும் இடம். நடுக்கடலுக்கு அனுப்பும் முன் எல்.கே.ஜி. என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கிலிருந்து வரும் பெரிய அலைகளை லிசார்ட் முனை மறைத்துவிடும். கிழக்குக் காற்று அடித்தால் மட்டும் எல்.கே.ஜி. பிள்ளைக்கும் நல்ல அடி கிடைக்கும்.

2012-ல் இங்கே மிதந்த 'போல்ட் லைஃப்சேவர்' கருவி, நடுவில் ஓட்டையோடு ராட்சத மெதுவடை மாதிரி, 16 மீட்டர் அகலத்தில் இருந்தது. பிற்பாடு அது ஹவாய்க்குப் போனது. அதற்கு முன்பே, 2010-ல், எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் இதே வளைகுடாவில் ஒரு மிதவையை மூன்று கால்களில் கட்டிவிட்டது. கீழே சங்கிலி, மேலே நைலான் கயிறு. அது மின்சாரம் எடுக்கவில்லை. கயிற்றில் விழும் இழுவிசையை இரவும் பகலும் அளப்பது மட்டுமே அதன் உத்தியோகம்.

கயிற்றை அளக்க இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். காரணம், இந்தக் கடலின் ஆழம்.

பொதுவாகக் கப்பலைச் சங்கிலியில் கட்டும்போது அந்தச் சங்கிலியின் எடையே ஸ்பிரிங் வேலையைச் செய்துவிடும். தொய்ந்து கடல்தரையில் படுத்திருக்கும் சங்கிலி, அலை இழுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும், அலை போனதும் திரும்பப் படுக்கும். ஆழம் அதிகமிருந்தால் தொய்வுக்கு நிறைய இடம். ஃபேப்டெஸ்ட் பகுதியில் ஆழம் 20 முதல் 50 மீட்டர்தான். அதில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் ஏறக்குறைய 5 மீட்டர் ஏறி இறங்குகிறது. (சென்னையில் இது சுமார் 1 மீட்டர்தான்.) வற்றிய நேரத்துக்கு ஏற்ப நீளம் வைத்தால், நீர் ஏறியதும் சங்கிலி விறைத்துவிடும். ஏறிய நேரத்துக்கு வைத்தால், வற்றும்போது மிதவை கண்டபடி அலையும். மிதவையிலிருந்து கரைக்கு மின்கேபிள் போகிறதென்றால், அலைந்த வேகத்தில் கேபிள் அறுந்துவிடும்.

விறைத்த பிறகு இன்னொரு அலை வந்தால்தான் ஆபத்து. பழுதான காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனவர்களுக்கு இது தெரியும். தொய்வு தீர்ந்த நொடியில் முன்கார் வேகமெடுத்தால் கயிறு 'பட்'டென்று போகும். மெதுவாக இழுத்தால் அதே கயிறு ஒரு டன் காரை மைல் கணக்கில் இழுக்கும். கயிறு அறுவது எடையால் அல்ல, அந்த ஒரு வெடுக்கால். கடலில் அந்த வெடுக் வந்து கயிறு போனால், பல டன் இரும்பு கட்டவிழ்ந்து நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே மிதக்கும். அல்லது பாறைக்குப் போகும்.

ஒரு மீட்டருக்கு எத்தனை டன்?

அதனால்தான் நடுவில் ஷாக் அப்சார்பர். ஒரு சின்னக் கணக்கு. 10 டன் இழுத்தால் அரை மீட்டர் நீளும் கயிறு ஒன்று இருக்கிறது. அலை மிதவையை 1 மீட்டர் தள்ளுகிறது. கயிறு 1 மீட்டர் நீள 20 டன் வேண்டும். இப்போது அதே கயிற்றோடு, 10 டன்னுக்கு 2 மீட்டர் நீளும் ரப்பர் ஒன்றைச் சேர்க்கிறோம். இரண்டும் சேர்ந்து 10 டன்னுக்கு இரண்டரை மீட்டர் நீளும். அப்படியானால் அதே 1 மீட்டர் அலைக்கு 4 டன்தான். 20 எங்கே, 4 எங்கே! கயிறு, சங்கிலி, நங்கூரம், மிதவையில் போடும் கொக்கி எல்லாவற்றின் கனமும், செலவும் குறையும்.

இந்தத் துறையில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமே ஒரு கயிற்றை வடிவமைத்தது. 'எக்ஸிட்டர் டெதர்' என்கிறார்கள். வெளியே உள்ளீடற்ற பின்னல் கயிறு, உள்ளே ரப்பர் தண்டுகள். இழுத்தால் பின்னல் குறுகப் பார்க்கும், உள்ளே இருக்கும் ரப்பர் குறுக விடாது. அந்த இழுபறியில் கயிறு மெதுவாக நீள்கிறது. பாரத்தைச் சுமப்பது வெளிக்கயிறு, எவ்வளவு நீள வேண்டும் என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் ரப்பர். அதிக பலம் வேண்டுமானால் தடித்த கயிறு, தடித்தால் விறைப்பு என்ற பழைய தலைவலியிலிருந்து தப்பிக்க ஒரு வழி.

சரி, கணினியில் இதை எப்படிப் போடுவது? கொஞ்ச நேரம் ஊர் மாற வேண்டும். இங்கிலாந்தின் இன்னொரு கோடியில், வடமேற்கே கம்ப்ரியாவில், அல்வர்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். லாரல்-ஹார்டி ஜோடியில் ஒல்லிக்குச்சி லாரல் 1890-ல் பிறந்த ஊர். இருவருக்கும் அங்கே சிலை உண்டு. குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும், ஆனால் விளக்கே கிடையாது. 1850-ல் கட்டிய நினைவுச் சின்னம். அந்த ஊரில்தான் 1986-ல் ஆர்சினா நிறுவனம் தொடங்கியது. அதன் 'ஆர்காஃப்ளெக்ஸ்' மென்பொருளில்தான் உலகெங்கும் எண்ணெய்க் கிணறு, காற்றாலை, மிதவை என்று பலதுக்கும் கடல் கயிறுகளைக் கணக்குப் போடுகிறார்கள். இதுபோல வேறு மென்பொருள்களும் உண்டு. 'மூர்டைன்' இலவசமாகவே கிடைக்கிறது.

இவை கயிற்றைத் துண்டு துண்டாகப் பார்க்கும். பூச்சரம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எடையெல்லாம் முடிச்சுகளில், நடுவில் உள்ள நூல்கள் ஸ்பிரிங்குகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அலை, நீரோட்டம், எடை, இழுப்பு என்று நொடிக்குப் பலமுறை கணக்கு. கணினிக்குள் மூன்று மணி நேரப் புயல் ஒன்றை ஓட்டிப் பார்ப்பார்கள். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய புயல். அலைகளின் வரிசையை மாற்றி மாற்றித் திரும்பவும் ஓட்டுவார்கள். எந்த ஓட்டத்தில் எவ்வளவு இழுப்பு வந்தது என்று பார்த்துத்தான் கயிறு வாங்குவது.

ரப்பரை இதற்குள் நுழைக்க எளிய வழி, ஓர் அட்டவணை. இவ்வளவு நீட்டினால் இவ்வளவு டன். மென்பொருளில் 'லிங்க்' என்று ஓர் இணைப்பு இருக்கிறது, அதில் இந்த அட்டவணையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். இன்ஜினீயர்கள் மாட்டிக்கொள்வது இந்த 'மாதிரி'யில்தான்.

முதல் விஷயம், அந்த இணைப்புக்கு எடையே கிடையாது. நிஜச் சாதனத்துக்கு உண்டு. தண்ணீருக்குள் அது தொங்கும், கயிற்றின் வளைவையே மாற்றும். எடையைத் தனியாக இரு முனைகளிலும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், லிங்க்கை விட்டுவிட்டு அந்தப் பகுதியையே நீளும் தன்மையுள்ள கயிறாக வரைய வேண்டும்.

அடுத்தது எல்லை. தூளி ஸ்பிரிங்கைக் கடைசிவரை இழுத்தால் சுருள் நேராகிக் கம்பியாகிவிடும். அதற்கு மேல் அது ஸ்பிரிங் இல்லை. ரப்பரும் ஒரு நீளத்துக்குப் பின் முறுக்கிக்கொள்ளும். அட்டவணையில் அந்த இடம்வரை எழுதாமல் பாதியில் விட்டால், மென்பொருள் பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த சாய்விலேயே கோட்டை நீட்டிக்கொண்டு போகும். கணினியில் ரப்பர் முடிவே இல்லாமல் மென்மையாக நீளும், புயல் சாதுவாகக் கடந்துபோகும், ரிப்போர்ட்டும் பச்சைக் கலரில் வரும். பாவம், கடலுக்கு அந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியாது!

இதையெல்லாம் கவனமாக எழுதிவிடலாம். ஆனால், ரப்பரின் குணத்தை அட்டவணையில் அடக்குவதுதான் பெரும்பாடு. மெதுவாக இழுத்தால் ஒரு விறைப்பு, வேகமாக இழுத்தால் இன்னொரு விறைப்பு. நீட்டும்போது போன வழியில் திரும்பாது. நடுவில் கொஞ்சம் சக்தியைச் சூடாக விழுங்கிவிடும். ரப்பர் பேண்டை வேகமாக இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தால் அந்தச் சூடு தெரியும். முதல்முறை இழுக்கும்போது இருந்த பிடிவாதம் பத்தாவது முறை இருக்காது. நைலான் கயிறும் அப்படித்தான். முன்பு எவ்வளவு பெரிய இழுப்பைப் பார்த்திருக்கிறதோ, அதைப் பொறுத்து இன்றைய விறைப்பு மாறும். நனைந்தால் பலத்தில் பத்து, பதினைந்து சதவீதம் போய்விடும். மாமியார் சொன்னதை மறக்காத மருமகள்போல, கயிறும் எதையும் மறப்பதில்லை.

தொழிற்சாலை கொடுக்கும் அட்டவணை பெரும்பாலும் ஒரு புது ரப்பரை, மெதுவாக, ஒருமுறை இழுத்து எடுத்தது. புயலில் இருக்கப்போவதோ பழகிய ரப்பர், ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை இழுபடும் ரப்பர். எந்தக் கோட்டைக் கணினிக்குக் கொடுப்பது? மென்மையான கோட்டைக் கொடுத்தால் இழுப்பு குறைவாக வரும், கயிறு ஒல்லியாகிவிடும். விறைப்பான கோட்டைக் கொடுத்தால் மிதவை எவ்வளவு தூரம் நகரும் என்பது குறைவாக வரும், மின்கேபிள் மாட்டும். அதனால் இரண்டையும் போட்டு இரண்டு தடவை ஓட்டுவதும் உண்டு. எந்தக் கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சாமானையே இழுத்துப் பார்த்தால்தான் ஆகும்.

கடலை உள்ளே கொண்டுவந்த ஷெட்

மறுபடியும் ஃபால்மத். கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்குள், எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் சோதனை இயந்திரம் இருக்கிறது. பெயர் 'டிமேக்'. நீளமான இரும்புச் சட்டம். ஒரு முனையில் ஹைட்ராலிக் தண்டு, 30 டன் அளவுக்கு மாறி மாறி இழுக்கக்கூடியது. மறுமுனை சும்மா இருப்பதில்லை, மிதவை ஆடுவதுபோலவே சாய்ந்து, திரும்பி ஆடும். நடுவில் கயிறோ ரப்பரோ, தேவையானால் தண்ணீருக்குள் மூழ்கியபடியே. வளைகுடாவில் அந்த மூன்றுகால் மிதவை பதிவுசெய்ததைப் போன்ற இழுப்புகளை இங்கே கொடுக்கலாம். ஜனவரியில் கடல் கொடுத்த அடியை, ஜூனில் ஷெட்டுக்குள் திரும்பக் கொடுப்பது!

அந்த மிதவையில் சுமார் ஒன்றரை வருடம் கிடந்த நைலான் கயிற்றையும் கொண்டுவந்து, புதுக் கயிற்றோடு ஒப்பிட்டார்கள். வெளியே பாசியும் சிப்பியும், உள்ளே இழைகளில் தேய்மானம். இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. இரண்டுக்கும் கேட்லாக்கில் ஒரே கோடுதான். கணினியில் கயிறு ஒருநாளும் கிழடாகாது. நாம்தான் வயதைச் சொல்ல வேண்டும்.

இந்த ஷெட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கோட்டைச் சாலையிலிருந்து தளத்தின் கிரேன்களையும் பழுதுக்கு நிற்கும் கப்பல்களையும் பார்க்கலாம், அவ்வளவுதான். பரவாயில்லை, ஊரில் பார்க்க வேறு இருக்கிறது. கஸ்டம் ஹவுஸ் துறையில் செங்கல் புகைபோக்கி ஒன்று. கடத்தல்காரர்களிடம் பிடித்த புகையிலையை எரிக்கக் கட்டியது, பெயர் 'ராஜாவின் சுங்கான்'! பக்கத்துக் கடைகளில் கார்னிஷ் பேஸ்டி சூடாகக் கிடைக்கும். நம்ம சோமாசை உள்ளங்கையைவிடப் பெரிதாகச் செய்து, உள்ளே தேங்காய்க்குப் பதில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த மாதிரி. காய்கறி மட்டும் வைத்ததும் உண்டு. கையில் பிடித்தபடி கரையோரம் நடக்கும்போது கடற்காக்காய்கள்மீது ஒரு கண் இருக்கட்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல்சார் அருங்காட்சியகம். கோபுரத்தில் ஏறினால் துறைமுகம் முழுக்கத் தெரியும். குழந்தைகள் கூட்டமாக நிற்பது கீழே இருக்கும் அறையில்தான். அதன் ஜன்னல்கள் துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கின்றன. காலையில் போனால் கண்ணாடியில் நீர்மட்டம் முழங்கால் உயரத்தில் இருக்கலாம். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பினால் தலைக்கு மேல் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். வெளியே மிதக்கும் நடைமேடையில் கட்டிய படகுகள் நீரோடு சேர்ந்து உயர்ந்திருக்கும். ஏதாவது பெரிய படகு கடந்துபோனால் அலை வந்து தட்டும். கறுப்பு ரப்பர் தண்டுகள் வரிசையாக ஒருமுறை நீண்டு, சுருங்கும்.